மணி யோசிக்கிறான், பழிவாங்கவில்லை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஒன்பது வயது நாய் ஒன்று இருக்கிறது, பெயர் மணி. பந்து சோபாவுக்கு அடியில் உருண்டுபோனால், இந்தப் பக்கம் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு, எட்டாது என்று தெரிந்ததும் கொஞ்சம் நின்று, பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் எடுக்கிறான். நீங்கள் எந்தச் செருப்பைக் கையில் எடுக்கிறீர்கள் என்பதை வைத்தே தன்னையும் அழைத்துப் போவீர்களா, மாட்டீர்களா என்று தெரிந்துகொள்கிறான். இரண்டு மாதமாக, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் உங்கள் கணவரின் காலணிகளைக் கடித்துக் குதறுகிறான். அவர் கதவைத் திறந்ததும் காதை மடக்கி, வாலை ஒடுக்கி, சுவரோரம் பதுங்குகிறான். “தப்பு செய்தது அவனுக்கே தெரிகிறது. என்மேல் உள்ள கோபத்தில்தான் செய்கிறான்” என்று கணவர் அடிக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ, “விலங்குக்கு ஐந்தறிவுதான். அதற்கு யோசிக்கவே தெரியாது, எல்லாம் பழக்கம். நீங்கள் இருவரும் உங்கள் மனத்தை அதன்மேல் ஏற்றிப் பார்க்கிறீர்கள்” என்கிறாள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், நீங்கள் அழும்போது மணி வந்து மடியில் தலை வைப்பதும் உங்கள் கற்பனைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். என் பதிலில் மற்றதெல்லாம் நீளமானது, இது ஒன்றுதான் அவசரமானது. மணி யோசிக்கிறான் என்றே நான் நம்புகிறேன். ஆனால் உங்கள் கணவர் அவன் தலைக்குள் வைத்துப் பார்க்கும் யோசனை அவனுடையது அன்று. மகள் எச்சரிப்பது நியாயம்தான், அவள் வந்து சேர்ந்த முடிவுதான் தவறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கால்நடை மருத்துவனாக இருந்து, விலங்கு நடத்தைப் பிரச்சினைகளை மட்டுமே இப்போது பார்த்து வருபவன் என்ற முறையில், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

மகள் சொன்ன ஐந்தறிவிலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பிய மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் பகுதி நம் எல்லோருக்கும் தெரியும். ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’, ‘மக்கள் தாமே ஆறறிவு உயிரே’. இந்த இரண்டு அடிகளோடு பலரும் நூலை மூடிவிடுகிறார்கள். அதை ஒட்டி இன்னொரு சிறிய நூற்பா இருக்கிறது: ‘ஒருசார் விலங்கும் உளவென மொழிப’. விலங்குகளில் ஒரு பகுதியும் ஆறறிவு உடையன என்று சொல்வர் என்பது அதன் பொருள். கிளி, குரங்கு, யானை என்று பழைய உரை எடுத்துக்காட்டும் தருகிறது. பழைய நூல் சொல்லிவிட்டதாலேயே கிளி யோசிக்கிறது என்று ஆகிவிடாது, அதை நான் சான்றாக வைக்கவில்லை. ஆனால் கோட்டைக் கிழித்தவர்களே, அந்தக் கோட்டில் நிற்காத உயிர்களையும் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். இதை மகளுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று. மணியை நீங்கள் ‘அவன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். நாய் அஃறிணைதான். ஆனாலும் பசுவைப் பார்த்து உவப்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதை இலக்கணமே திணை வழுவமைதியாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நானும் ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

இப்போது மகளின் பக்கத்தைக் கொஞ்சம் நேரம் கொடுத்துக் கேட்போம். விலங்கின் யோசனையைக் கண்ணால் பார்க்க முடியாது. அது செய்வதை மட்டுமே பார்க்கிறோம், உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை நாமே நிரப்பிக்கொள்கிறோம். இதில் எவ்வளவு பெரிய அறிஞர்களும் ஏமாறலாம் என்பதற்கு 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரைதான் சாட்சி. அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் பொறுமையாகப் பல ஆண்டுகள் அந்தக் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டல், கழித்தல், பின்னம் என்று எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பைத் தரையில் தட்டி விடை சொன்னது. 1904இல் ஒரு குழு வந்து சோதித்தது. சூது எதுவும் இல்லை என்று சான்றளித்தது. உண்மையிலேயே சூது இல்லை. ஓஸ்டன் நேர்மையானவர்.

ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் ஒரு சின்ன மாற்றம் செய்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி ஏற்பாடு செய்தார். குதிரை தடுமாறியது. கேட்பவரைக் குதிரையின் கண்ணுக்குப் படாமல் நிறுத்தினார். அப்போதும் தடுமாறியது. நெருங்கிக் கவனித்தபோது புரிந்தது: கேள்வியைக் கேட்டு முடித்ததும் மனிதர்கள் குளம்பைப் பார்க்கத் தலையை லேசாகக் குனிகிறார்கள். சரியான எண்ணிக்கை வந்ததும் தங்களை அறியாமலே தலையை மயிரிழை அளவு நிமிர்த்துகிறார்கள். ஹான்ஸ் அந்த நிமிர்வைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. இதைக் கண்டுபிடித்த பிறகும், தன் தலை அசைவதை ஃபுங்ஸ்டால் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘பாருங்கள், குதிரைக்கு ஒன்றும் தெரியாது’ என்று முடிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அத்தனை அறிஞர்கள் கண்ணுக்கும் படாத ஓர் அசைவை, ஆள் மாறினாலும் படித்துக்கொண்டே இருந்தது அந்தக் குதிரை. அதன் திறமை நாம் தேடிய இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருந்தது. நாய்களோடு வேலை செய்யும் எனக்கு ஒவ்வொரு வாரமும் இது நினைவுக்கு வரும்.

லாயிட் மார்கன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1894இல் ஒரு விதியை எழுதி வைத்தார்: எளிய காரணத்தால் விளங்கும் செயலுக்கு உயர்ந்த காரணம் கற்பிக்காதே. அவருடைய சொந்த நாய் டோனி, வாயில் கதவின் தாழ்ப்பாளைத் தலையால் தூக்கித் திறக்கும். பார்ப்பவர்களுக்கு அது பொறியின் சூட்சுமத்தைப் புரிந்து செய்வதுபோல் இருக்கும். டோனி கற்றுக்கொண்ட விதத்தை மார்கன் முதலிலிருந்தே கவனித்திருந்தார். கம்பிகளுக்கிடையில் தலையை விட்டு வெளியே பார்க்கும் பழக்கத்தில் ஒருநாள் தாழ்ப்பாள் தற்செயலாகத் தூக்கிக்கொண்டது. பிறகு வேண்டாத அசைவுகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோயின. அவ்வளவுதான்.

இப்படியொன்றை நானே பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு தொழுவத்தில் ஒரு பசு நாக்கை நீட்டித் தாழ்ப்பாளைச் சுற்றி, மேலே தள்ளி, கதவை மார்பால் முட்டித் திறந்துகொண்டு வெளியே வரும். எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள், நானும் வியந்து நின்றேன். உரிமையாளர் தாழ்ப்பாளைக் கழற்றி ஒரு முழம் கீழே பொருத்தினார். மறுநாள் அந்தப் பசு பழைய இடத்தில், தாழ்ப்பாளே இல்லாத வெறும் மரத்தில், நாக்கைச் சுற்றிச் சுற்றி நக்கிக்கொண்டு நின்றது. புதிய தாழ்ப்பாள் அதன் கண்ணெதிரே இருந்தது. அன்றிலிருந்து ஒரு விலங்கு கெட்டிக்காரத்தனமாக எதையாவது செய்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நிலைமை மாறினால் என்ன செய்யும்?

மகள் இதுவரை படித்தால் மகிழ்வாள். ஆனால் இதோடு நிறுத்த முடியாது. நிலைமையை மாற்றியபோதும், இதற்கு முன் பார்த்தே இராத இக்கட்டில் வைத்தபோதும், சரியாக நடந்துகொண்ட விலங்குகள் இருக்கின்றன.

பழைய கிரேக்கத்தில் கிரைசிப்பஸ் என்ற தத்துவவாதி சொன்னதாக ஒரு நாய்க் கதை உண்டு. வேட்டைநாய் ஒன்று இரையைத் துரத்திக்கொண்டு முச்சந்திக்கு வருகிறது. முதல் பாதையை மோப்பம் பிடிக்கிறது, வாடை இல்லை. இரண்டாவதை மோந்து பார்க்கிறது, அதிலும் இல்லை. மூன்றாவது பாதையை மோப்பம் பிடிக்காமலே அதில் பாய்ந்து ஓடுகிறது. ‘இதிலே, அல்லது அதிலே, அல்லது மூன்றாவதிலே. இரண்டிலும் இல்லை, ஆகவே மூன்றாவது.’ தருக்கத்தில் இதை விலக்கி அறிதல் என்று சொல்லலாம். கதை கதைதான். ஆனால் அதைச் சோதனையாக்க முடியும்.

2004இல் ஜோசெப் கால் என்ற ஆய்வாளர் மனிதக் குரங்குகளின் முன் இரண்டு கிண்ணங்களை வைத்தார். ஒன்றில் மட்டும் உணவு. எதில் என்று அவற்றுக்குத் தெரியாது. காலியான கிண்ணத்தைத் திறந்து காட்டினால், பல குரங்குகள் மற்றதைத் தேர்ந்தெடுத்தன. கிண்ணத்தை ஆட்டிக் காட்டும் சோதனைதான் எனக்கு இன்னும் பிடித்தது. காலிக் கிண்ணத்தை ஆட்டினால் சத்தம் வராது. அந்தச் சத்தமின்மையிலிருந்தே சில குரங்குகள் ‘அப்படியானால் அடுத்ததில்’ என்று போயின. சத்தம் வந்த இடத்துக்குப் போவது பழக்கமாக இருக்கலாம். சத்தம் வராததிலிருந்து இன்னோர் இடத்தைப் பற்றி முடிவுக்கு வருவது வேறு வகை.

‘காலியானதைத் தவிர்த்தது, அவ்வளவுதானே?’ என்று மகள் கேட்பாள். கேட்க வேண்டிய கேள்வி. ஆய்வாளர்களும் கேட்டார்கள். அதனால் கிண்ணங்களை நான்காக்கி, இரண்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கிண்ணத்தில் உணவு. ஒரு ஜோடியில் ஒரு கிண்ணம் காலி என்று மட்டும் காட்டப்படும். வெறுமனே காலியைத் தவிர்ப்பவன் மீதி மூன்றில் எதையும் எடுப்பான். யோசிப்பவன், காலிக் கிண்ணத்தின் ஜோடியையே எடுப்பான், ஏனென்றால் அதில் உணவு நிச்சயம் இருக்கிறது, மற்ற இரண்டில் பாதி வாய்ப்புதான். இரண்டரை வயதுக் குழந்தைகள் இதில் தடுமாறினார்கள், மூன்று வயதைத் தாண்டியவர்கள் தேறினார்கள். ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த கிரிஃபின் என்ற சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளிக்கு இதே சோதனையை வைத்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கிளி நிச்சயமான கிண்ணத்தையே தேர்ந்தெடுத்தது. உரைகாரர் பட்டியலில் முதலில் நின்ற பறவை!

காக்கை இனத்தைப் பற்றியும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்க்ரப் ஜே என்ற பறவை உணவை மண்ணில் புதைத்து வைத்து, பிறகு தோண்டித் தின்னும். நேதன் எமரியும் நிக்கோலா கிளேட்டனும் 2001இல் வெளியிட்ட சோதனையில், புதைக்கும்போது வேறொரு பறவை பார்த்துக்கொண்டிருந்தால், தனியான பிறகு பழைய இடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் புதைத்தது. இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. முன்பு தானே பிறர் புதையலைத் திருடிய பறவைகள்தான் இப்படி இடம் மாற்றின. திருடிப் பழகாத பறவைகள் அநேகமாக அதைச் செய்யவில்லை. தன் அனுபவத்தை எடுத்து அடுத்தவர் செய்யக்கூடியதன்மேல் பொருத்திப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ‘போல்’ என்ற சொல்லை மகளுக்காகவே வைத்திருக்கிறேன், அதை எடுக்க நான் தயாராக இல்லை. கிளேட்டனின் குழு 2007இல் இன்னொன்றும் செய்தது. இந்தப் பறவைகளைக் காலையில் மாறி மாறி இரண்டு அறைகளில் அடைத்தார்கள். ஓர் அறையில் காலை உணவு கிடைக்கும், மற்றதில் பட்டினி. பிறகு ஒருநாள் மாலை, எதிர்பாராமல் கொட்டைகளைக் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் புதைக்க விட்டார்கள். பறவைகள் பட்டினி அறையில்தான் அதிகம் புதைத்தன. மாலையில் நின்றுகொண்டு நாளைக் காலையின் பசிக்கு ஏற்பாடு செய்கின்றன.

தனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்துகொள்வது உயர்ந்த அறிவு என்கிறோம். எலிகளுக்கு 2007இல் அப்படியொரு சோதனை வைத்தார்கள். ஒலி நீளமா, குட்டையா என்று சொன்னால் நல்ல பரிசு, தவறினால் ஒன்றுமில்லை, சோதனையே வேண்டாம் என்று விலகினால் சிறு பரிசு நிச்சயம். நீளமா குட்டையா என்று பிரிக்க முடியாத நடுத்தர ஒலிகள் வந்தபோதுதான் எலிகள் அதிகம் விலகின.

மனிதர்கள் நாம் எப்போதும் பகுத்தறிவோடுதான் நடக்கிறோம் என்ற நினைப்பும் கொஞ்சம் ஆட வேண்டும். விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வேன். ஒரு பெட்டிக்குள் பரிசு. ஆய்வாளர் முதலில் மேலே உள்ள துளையில் குச்சியை விட்டுக் குத்துகிறார், பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து பரிசை எடுக்கிறார். கறுப்புப் பெட்டியாக இருந்தபோது சிம்பன்சிகள் எல்லாவற்றையும் அப்படியே செய்தன. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்தார்கள். மேல் துளைக்கும் பரிசுக்கும் இடையில் ஒரு தடுப்பு இருப்பதும், மேலே குத்துவதால் பயனில்லை என்பதும் இப்போது தெரிகிறது. சிம்பன்சிகள் குத்துவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, நேரே கதவைத் திறந்தன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டியிலும் குத்திக்கொண்டே இருந்தார்கள். குழந்தைகள் மந்தம் என்பதல்ல காரணம். பெரியவர் செய்தால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்பிப் பின்பற்றுவதுதான் மனிதர்களின் பலம், மொழியும் கைத்தொழிலும் நமக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. ஆனால் அந்தப் பெட்டியின் முன், அந்த நிமிடத்தில், காரணத்தைப் பார்த்து நடந்தது சிம்பன்சிதான்.

ஆகவே ‘விலங்குக்குப் பகுத்தறிவு உண்டா, இல்லையா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்பதையே நான் விட்டுவிட்டேன். எந்த விலங்குக்கு, எந்த விஷயத்தில், எவ்வளவு தூரம் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கிறது. ‘நான் ஏன் இப்படி நினைக்கிறேன், அது சரியான காரணமா’ என்று காரணத்தையே கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதும், அதை இன்னொருவரோடு வாதாடுவதும் மொழியுள்ள நமக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே பல படிகள் இருக்கின்றன, அவற்றில் நாமும் நாள் முழுவதும் நிற்கிறோம், விலங்குகளும் நிற்கின்றன.

நாய்கள் எந்தப் படியில்? இதில் நாய் வளர்ப்பவர்கள் மனம் நோகக்கூடும். பொருள்களின் இயக்கத்தைப் புரிந்துகொள்வதில் நாய் பெரிய ஆள் இல்லை. 2005இல் வெளிவந்த ஒரு சோதனையில், உணவு கட்டிய கயிறும் வெறும் கயிறும் குறுக்காகக் கிடந்தபோது, நாய்கள் உணவுக்கு நேர் எதிரே இருந்த கயிற்றையே இழுத்தன, அது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. மனிதர்களைப் படிப்பதில் நாயின் கதையே வேறு. நாம் விரல் நீட்டிக் காட்டும் திசையைப் புரிந்துகொண்டு கிண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில், நமக்கு நெருங்கிய உறவான சிம்பன்சியைவிட நாய்கள் கெட்டி என்று 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றது. அறிமுகமான பொம்மைகளுக்கு நடுவே ஒரு புதிய பொம்மையை வைத்து, கேட்டே இராத ஒரு பெயரைச் சொன்னால், ‘தெரிந்தவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, ஆகவே இது அந்தப் புதியதுதான்’ என்று எடுத்து வந்தது. கிரைசிப்பஸின் நாய் கடைசியில் பொம்மைக் குவியலில் அகப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மணிக்கு வருவோம். செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வது பழக்கத்தால் வந்த கூர்மை. இந்தச் செருப்பு என்றால் வெளியே, அந்தச் செருப்பு என்றால் இல்லை என்பது நூறு முறை நடந்திருக்கிறது. ஹான்ஸின் கண் அது. சோபாவைச் சுற்றிப் போவது இன்னும் சுவையானது. மூக்கு எட்டாததும் நின்று, பிறகு சுற்றிப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘நின்று’தான் என் கவனத்தை இழுத்தது. ஆனாலும் அதே சோபாவில் ஒன்பது ஆண்டுகள் விளையாடியவன். மறுபக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். தொழுவத்துப் பசுபோல் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறானா, அல்லது அறையை ஒருமுறை நோட்டம் விட்டுவிட்டு வேறு சந்து தேடுகிறானா, அல்லது உங்களிடம் வந்து உங்கள் முகத்தையும் சோபாவையும் மாறி மாறிப் பார்க்கிறானா? மூன்றாவதைச் செய்தால் அதை இயலாமை என்று எண்ணாதீர்கள். தன்னால் முடியாததை முடிக்கக்கூடிய ஆள் யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

காலணி விஷயத்துக்கு முன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரரின் படுக்கையில் மட்டும் சிறுநீர் கழிக்கிறது, அவர் ஊருக்குப் போய் வந்ததிலிருந்து பழிவாங்குகிறது என்றார்கள். அந்தச் சொல்லை நானும் அப்படியே ஏற்றுக்கொண்டேன். பழக்கம் மாற்றும் வழிகளை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தபோது, வயிற்றில் கை வைத்ததும் அது கத்திய கத்தல் இன்றும் என் காதில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பையில் கற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மலத்தட்டில் உட்கார்ந்தபோதெல்லாம் வலித்திருக்கிறது, அதனால் தட்டையே வெறுத்து மெத்தையான இடத்தைத் தேடியிருக்கிறது. அந்த மூன்று வாரமும் அது வீட்டில் அடி வாங்கியது. எவ்வளவு உயர்ந்த சிந்தனையை அந்தப் பூனைக்குக் கொடுத்தோம்! யாரால் துன்பம், எப்போது திருப்பிக் கொடுப்பது, எங்கே செய்தால் அவருக்கு உறைக்கும் என்று திட்டமிடும் அளவுக்கு. அதனாலேயே அதன் வலி எங்கள் கண்ணில் படவில்லை.

மணியின் பதுங்கலும் அப்படித்தான். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதை நேரடியாகச் சோதித்தார். உரிமையாளர் ‘தொடாதே’ என்று சொல்லித் தீனியை வைத்துவிட்டு வெளியே போவார். அவர் இல்லாத நேரத்தில் சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. திரும்பி வரும் உரிமையாளரிடம் சில சமயம் உண்மையையும் சில சமயம் பொய்யையும் சொன்னார்கள். நாம் குற்ற உணர்வு என்று சொல்லும் அந்த முகம், தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் ஒரே மாதிரி வந்தது. உரிமையாளர் திட்டியபோதுதான் அது கூடியது. அதிலும், தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள் இன்னும் அதிகமாகப் பதுங்கின. காதை மடக்கிப் பதுங்குவது, வரப்போகும் கோபத்தைப் படித்த நாயின் சமாதானக் கொடி. உங்கள் கணவர் கதவைத் திறக்கும் வேகம், செருப்பைத் தேடும் பார்வை, மூச்சை இழுக்கும் விதம் எல்லாவற்றையும் மணி படிக்கிறான். தரையில் கடிபட்ட காலணி, வாசலில் அவர், அடுத்தது அடி என்பதும் அவனுக்குப் பாடமாகிவிட்டது. மதியம் கடித்ததற்காகத்தான் மாலையில் அடி என்ற கணக்கு அதில் இல்லை. பரிசும் தண்டனையும் செயலோடு ஒட்டிச் சில நொடிகளில் வந்தால்தான் நாய் இரண்டையும் இணைக்கும். மாலை அடி அவனுக்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்று: இந்த மனிதர் வீடு திரும்பும் நேரம் ஆபத்தானது. தனிமையில் அந்தப் பதற்றம் கூடக்கூட அவன் மேலும் கடிப்பான்.

ஏன் கணவரின் காலணி? அந்த வீட்டில் அவருடைய வாடை மிகுந்து இருக்கும் பொருள் அது. பிரிவில் பதறும் நாய்கள் இப்படித் தங்கள் மனிதரின் வாடையுள்ள பொருளைத் தேடிப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோபத்தைக் காட்ட அல்ல. இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்பது வயதில் புதிதாகத் தொடங்கிய பழக்கம் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லும் ஈறும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும், உடைந்த பல் வெளியே தெரியாமல் வலிக்கும். மூட்டு வலி, பார்வை, காது ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். வயதான நாய்களுக்கு மனிதர்களின் மறதி நோயைப் போன்ற மூளைத் தளர்ச்சி வரும். இரவில் தூங்காமல் உலாவுவது, பழகிய அறையின் மூலையில் சிக்கிக்கொண்டதுபோல் நிற்பது இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் கைபேசியை ஒரு மூலையில் வைத்துப் படம் பிடியுங்கள். நீங்கள் வெளியேறிய அரை மணி நேரத்துக்குள் நடை, முனகல், கடித்தல் என்று தொடங்கினால் அது தனிமைப் பதற்றம், அதற்குத் தனியாகப் பயிற்சி முறை இருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்து, சாவகாசமாகக் கடித்தால் சலிப்பு. காலணிகளை மூடிய அலமாரியில் வையுங்கள், கடிக்கத் தகுந்த பொருள்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள். கணவர் வந்ததும் எதையும் தேடாமல், பேசாமல் ஒரு நிமிடம் தரையில் உட்காரட்டும். சில வாரங்களில் பதுங்கல் குறைவதை அவரே பார்ப்பார்.

மகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒளி புகாத ஒரே மாதிரியான இரண்டு கிண்ணங்கள். இரண்டிலும் தீனியைத் தேய்த்து வாடையைச் சமமாக்குங்கள். மகள் மறைப்புக்குப் பின்னால் ஒன்றில் மட்டும் துண்டை வைத்துக் கவிழ்த்து, இரண்டையும் உங்கள் முன் தள்ளிவிட்டு அறையை விட்டுப் போய்விட வேண்டும். காலியானது எது என்பதற்குக் கிண்ணத்தின் அடியில் அவள் ஒரு குறி போட்டு வைக்கட்டும். நீங்கள் அந்தக் கிண்ணத்தை மட்டும் தூக்கிக் காட்டி, திரும்பக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு மணியை அவிழ்த்துவிடுங்கள். கண்ணை மூடுவது முக்கியம், இல்லையென்றால் மணி உங்கள் முகத்தைப் படிப்பான், ஹான்ஸ் கதை திரும்ப நடக்கும். எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் வேண்டாம், நாளுக்கு நான்கு முறை, மொத்தம் 20 முறை. குருட்டாம்போக்கில் எடுத்தாலே 10 சரியாக வரும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால், அது தற்செயலாக நடக்க ஐம்பதில் ஒரு வாய்ப்புதான். 10க்கும் கீழே வந்தாலும் மணியை மட்டம் தட்ட வேண்டாம். நீங்கள் கையில் தொட்டுத் தூக்கிய கிண்ணத்துக்கே பல நாய்கள் போகும். கிண்ணத்தைவிட உங்கள் கையை நம்புகின்றன.

உங்கள் கடைசிக் கேள்வி. நீங்கள் அழும்போது மணி வருவது கற்பனை இல்லை. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 18 நாய்களின் முன்னால் உரிமையாளரும் அறிமுகமற்ற ஒருவரும் மாறி மாறிப் பேசினார்கள், முனகிப் பாடினார்கள், அழுவதுபோல் நடித்தார்கள். அழுதபோதுதான் பெரும்பாலான நாய்கள் நெருங்கிச் சென்று முகர்ந்தன, ஒட்டிக்கொண்டன. அழுதது அந்நியர் என்றால், தங்கள் உரிமையாளரிடம் ஓடாமல் அந்த அந்நியரிடமே போயின. அழுகை அவற்றுக்குப் பயத்தைக் கொடுத்திருந்தால் பழகியவரிடம் அடைக்கலம் தேடியிருக்கும். மடியில் தலை வைக்கும்போது மணிக்குள் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லாக்கிக் கொடுக்க என்னால் முடியாது, அவனாலும் முடியாது. யார் அழுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரிகிறது, அங்கே போக வேண்டும் என்பதும் தெரிகிறது.

பல் பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் சொன்னதையும், மகள் குறித்து வைக்கும் 20 விடைகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த முறை எந்தப் பக்கம் போனான் என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது, எப்போதும் ஒரே பக்கம் போகிறானா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்